எண்ணுக்கு மொழி இல்லையாம்!

சொற்களை மொழிபெயர்த்தால் போதும், எண்ணும் தேதியும் உலகத்துக்கே பொது என்ற நம்பிக்கை மென்பொருள் துறையில் ஆழமாக வேரோடிக் கிடக்கிறது. பொத்தான்களின் மேலிருக்கும் சொற்களைத் தமிழாக்கிவிட்டு, 'தமிழில் வந்துவிட்டது' என்று அறிவித்துவிடுகிறார்கள். கணிதம் உலகப் பொது என்பது சரி. கணக்கை எழுதும் வழக்கம் ஊருக்கு ஊர் வேறு.

12,34,567 என்று எழுதினால் மதுரைக்காரர் ஒரே பார்வையில் பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் என்று படித்துவிடுவார். அதையே 1,234,567 என்று காட்டினால், வலப்பக்கத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் வைத்து எண்ண ஆரம்பிப்பார். ஜெர்மானியர் காற்புள்ளி இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கிறார். பிரெஞ்சுக்காரர் இடைவெளி விடுகிறார். 1.500 என்பது பெர்லினில் ஆயிரத்து ஐந்நூறு, லண்டனில் ஒன்றரை. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! ஜெர்மனியில் தசமத்துக்குக் காற்புள்ளியே புழங்குவதால், காற்புள்ளியால் பத்தி பிரிக்க வேண்டிய சி.எஸ்.வி. கோப்பைக்கூட அங்குள்ள எக்செல் அரைப்புள்ளி போட்டுச் சேமிக்கிறது.

தேதியில் வில்லங்கம் இன்னும் அதிகம். 03/04/2025 என்பது சென்னையில் ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4. 25/04 என்று வந்தால் பிழை உடனே பிடிபடும், ஏனென்றால் 25ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது. நாளும் மாதமும் இரண்டுமே 12க்குள் இருக்கும்போதுதான் தவறு சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. 4/4, 5/5 போன்றவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படிப்பட்டவை.

சரி, பயனரின் மொழியைக் கேட்டுக்கொண்டால் தீர்ந்தது என்பார் சிலர். தீராது. தமிழையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் தமிழ் படிப்பவருக்கு லட்சம், கோடி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அதே தமிழ் படிப்பவருக்கு மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்த மில்லியன் கணக்கு. ஸ்பானிய மொழி பேசும் மாட்ரிட் தசமத்துக்குக் காற்புள்ளி வைக்கிறது, அதே மொழி பேசும் மெக்சிகோ புள்ளி வைக்கிறது. மொழியோடு நாட்டையும் கேட்டாக வேண்டும்.

மாதப் பெயரைச் சுருக்கும் விதத்தில்தான் அலட்சியம் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆங்கில மாதப் பெயரில் முதல் மூன்று எழுத்தை நறுக்கினால் சுருக்கம் கிடைத்துவிடும். அதே நிரலைத் தமிழ்ப் பெயர்கள் மீது ஓட்டினால் என்ன ஆகும்? கணினியில் எழுத்துகளைப் பதியும் யூனிகோட் முறையில் உயிர்க்குறி தனி, புள்ளி தனி. 'ஜூன்' என்பது கணினிக்கு நான்கு குறியீடுகள்: ஜ, ஊகாரக் குறி, ன, புள்ளி. மூன்றோடு நறுக்கினால் புள்ளி உதிர்ந்து 'ஜூன' என்று நிற்கும். ஜூலை 'ஜூல' ஆகும், மார்ச் 'மார' ஆகும், செப்டம்பர் 'செப' ஆகும். இதைத் திரையில் பார்க்கும் தமிழருக்கு அந்தச் செயலியின் மற்றக் கணக்குகள் மீது என்ன நம்பிக்கை வரும்?

நாட்காட்டிக்கு வந்தால் கதை நீளும். நமக்கு 2025 என்றால் தாய்லாந்துக்கு 2568. எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 13 மாதங்கள். தமிழ்நாட்டு அரசாணைகளிலேயே திருவள்ளுவர் ஆண்டு இடம்பெறுகிறது. 2019 மே 1 அன்று ஜப்பானில் புதிய பேரரசர் பதவியேற்று ரெய்வா ஆண்டுமுறை தொடங்கியபோது, அதைக் குறிக்கும் ஒரே ஓர் எழுத்துக்குறியைச் சேர்ப்பதற்காகவே யூனிகோட் 12.1 என்ற தனிப் பதிப்பு வெளியானது. அக்கறை இருந்தால் இப்படியும் நடக்கும்.

எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றில் நியாயம் இருக்கிறது. தரவுத்தளத்துக்குள் ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். 1988இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரநிலை அதற்காகத்தான் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தது. ஆனால் அது கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. திரையைப் பார்ப்பவர் மனிதர்.

செலவு பிடிக்கும் என்ற சாக்கு எடுபடாது. எந்த நாட்டில் எந்த மொழிக்கு எப்படி எழுதுவது என்ற விவரங்களை யூனிகோட் கூட்டமைப்பு சி.எல்.டி.ஆர். என்ற பெயரில் தொகுத்து, இருபது ஆண்டுகளாக இலவசமாகத் தந்துவருகிறது. தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்கு நாடுகளுக்கும் தனித்தனி விவரம் அதில் உண்டு. ஆண்ட்ராய்டிலும் உலாவிகளிலும் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. ஜாவா நிரல்மொழியோடு வரும் எண்வடிவக் கருவிக்கு லட்சப் பிரிப்பு தெரியாது என்பது உண்மைதான், ஆனால் ஐ.சி.யு. நூலகத்துக்குத் தெரியும், அதுவும் இலவசம்தான். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போடச் சொந்தமாக நிரல் எழுதுவதைச் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசுத் துறைகளும் வங்கிகளும் செயலிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது 'தமிழில் இருக்க வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. லட்சப் பிரிப்பு, தேதி வரிசை, மாதச் சுருக்கம் மூன்றையும் நிபந்தனையாக எழுதி, சோதித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.