சுமந்து சென்றால்தான் ஏரி

பள்ளி விடுமுறை நெருங்கினால், "பிள்ளைகளை இயற்கைச் சூழலுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்று பெற்றோர்க்கு அறிவுறுத்துவது ஆசிரியர்களின் வழக்கம். எத்தனை பேராக, எவ்வாறு செல்வது என்பதை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவின் வட எல்லையில் உள்ள ஓர் ஏரிக்காடு இக்கேள்விக்குக் கண்டிப்பான விடையை வைத்திருக்கிறது.

மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கில், கனடாவை ஒட்டி, சுப்பீரியர் தேசிய வனத்துக்குள் இருப்பது பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. பரப்பளவு 10 இலட்சம் ஏக்கருக்கும் மேல். பனியாறுகள் பாறையைக் குடைந்துவிட்டுச் சென்ற ஏரிகள் ஆயிரத்துக்கும் அதிகம். மூஸ் எனப்படும் பெருமானும் ஓநாயும் அங்கு வாழ்கின்றன. பெரும்பாலான ஏரிகளுக்கு இடையே சாலை இல்லை; காட்டுத் தடம் மட்டுமே உண்டு. துடுப்பு வலித்துக் கரை சேர்ந்தவர்கள், கேனோ எனப்படும் ஒடுங்கிய படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அத்தடங்களின் நீளத்தை இன்றும் 'ராட்' என்னும் பழைய அளவிலேயே குறிக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி. ஏறத்தாழ ஒரு கேனோவின் நீளம்.

விதிகள் பல. ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் கூடாது. 4 படகுகளுக்கு மேல் கூடாது. தகர டின்னும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுசெல்லக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை, இரவு தங்குவோரின் எண்ணிக்கைக்கு ஒவ்வொரு நுழைவிடத்திலும் வரம்பு உண்டு. 4,000 அடிக்குக் கீழே விமானம் பறப்பதற்கு 1949-ஆம் ஆண்டிலேயே அதிபர் ட்ரூமன் தடை விதித்தார். 1964, 1978 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் காப்பை மேலும் இறுக்கின. எனினும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீர்ப்பரப்பில் விசைப்படகுக்கு இன்றும் இடமுண்டு.

முதியோரும் நடக்க இயலாதோரும் என் செய்வர் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். அந்த நான்கில் ஒரு பங்கு அதற்கு ஓரளவு விடை தருகிறது. எல்லா ஏரிகளுக்கும் விசைப்படகு வந்துவிட்டால், அந்த முதியவர் காண விரும்பிய அமைதியே அங்கு இராது. ஆகவே, வரம்பு சரியென்றே நான் கருதுகிறேன்.

வரம்புக்கு விலை கொடுத்தவர்களையும் மறைக்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் உல்லாச விடுதிகளை அரசு விலைக்கு வாங்கி அகற்றியது. நைஃப் ஏரித் தீவில் வாழ்ந்த டோரதி மோல்ட்டர் என்னும் தாதியையும் வெளியேறப் பணித்தார்கள். மக்கள் எதிர்த்ததால் வாழ்நாள் முழுதும் தங்க அனுமதி கிடைத்தது. 1986-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார். விமானத்தடையால் குளிர்பானம் வருவது நின்றதும், தாமே ரூட் பீர் காய்ச்சிப் படகோட்டிகளுக்கு அளித்தவர் அவர். (நம் ஊர்க் கடைகளிலும் கிடைப்பதுதான், பெயரில் மட்டுமே பீர்.)

அதற்கும் முன்பே ஒஜிப்வே மக்களுக்கு அது வீடு. 1854 உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோதும், வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடிக்கும் உரிமையையும் அவர்கள் விடவில்லை. அந்நாட்டின் ஏரிகளில் விளையும் காட்டரிசியைக் கேனோவில் அமர்ந்தே கோல்களால் தட்டி அறுவடை செய்வர். ஆளில்லாக் காடு என்று வரைபடத்தைப் பார்த்து மாணவருக்குச் சொல்லிவிடுவது எளிது, அது உண்மையன்று.

நம் சுற்றுலாக்களில் ஒரு பேருந்து நிறைய நாற்பது பிள்ளைகள், ஒலிபெருக்கி, பையைச் சுமக்கும் அம்மா. பிள்ளைக்கு நினைவில் நிற்பது பேருந்துப் பாட்டு மட்டுமே. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு முன்மொழிவை வைக்கவிருக்கிறேன்: அடுத்த முறை ஒன்பது ஒன்பது பேராகப் பிரித்து, வெவ்வேறு நாள்களில் அனுப்புவோம், அவரவர் பையை அவரவரே சுமக்கட்டும். செலவு கூடும் என்பார்கள். கூடட்டும்.