வெப்மின் போடுங்க, வாசலைத் திறக்காதீங்க!

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டாச்சா? அடுத்து வெப்மின் போட்டுப் பாருங்க. காசு கிடையாது. பிரவுசரில் வீட்டு ஐபி முகவரியோடு 10000 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் போதும். யூசர் சேர்ப்பது, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் ஒரு கிளிக்கில் முடியும். சர்வர் வேலை பழக நல்ல வழி.

ஹாஸ்டலுக்கு வந்ததும் ஓர் ஆசை வரும்: "ரவுட்டரில் அந்த போர்ட்டைத் திறந்துவிட்டா இங்கிருந்தே பார்க்கலாமே!" அதை மட்டும் செய்யாதீங்க. வெப்மின் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. உள்ளே நுழைந்தவனுக்கு முழு மெஷினும் சொந்தம்.

"பாஸ்வேர்ட் ஸ்ட்ராங்கா வெச்சிருக்கேனே?" என்பீர்கள். வெப்மின் 1.890 பதிப்பில் யாரோ ரகசியமாக நிரல் வரிகளைச் சேர்த்திருந்தது 2019-இல் வெளியே வந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் ரூட்டாக கமாண்ட் ஓட்டலாம். 1.930 பதிப்பில்தான் சரிசெய்தார்கள். அங்கே உங்க பாஸ்வேர்ட் என்ன செய்யும்?

வெளியிலிருந்து பார்த்தே ஆகணும்னா விபிஎன் வழியாகப் போங்க. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. அப்பா பேங்க் கணக்கு பார்க்கும் போனும் அதே வைஃபையில்தான் இருக்கு. பரிசோதனை நம்முடையது, ஆபத்து வீட்டில் எல்லோருக்கும்.