புதன்கிழமை ஊசி பாட்டிக்கும் வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் புதன்கிழமை காலையில் ஏதாவதொரு துணை சுகாதார நிலையத்தை எட்டிப் பாருங்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி குத்தும்போது காலை அசையவிடாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் பாட்டிதான். நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் அந்தப் பிள்ளைக்கு இலவசம். பாட்டிக்கு எழுபது வயது, சர்க்கரை வேறு. அதே நிமோனியா அவர் உயிரையும் குடிக்கும். ஆனால் அவருக்கு அந்த ஊசி வேண்டுமென்றால் தனியார் மருத்துவமனையில் சில ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஃப்ளூ ஊசியோ ஆண்டுதோறும் போட வேண்டியது. முதியோர் உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறவர் எங்கே போவார்?

பெரியவர்களே ஊசிக்கு வருவதில்லை என்று உங்களிடம் சொல்வார்கள். "எனக்கெதுக்குப்பா ஊசி, இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்கிறவர்களில் பலர், பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூசுகிறவர்கள். பயமும் உண்டு. 2021 ஏப்ரலில் கொரோனா தடுப்பூசி போட்ட மறுநாள் நடிகர் விவேக் மாரடைப்பில் சரிந்தார். அதற்கடுத்த நாள் காலமானார். ஊசி காரணமல்ல என்று மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. வதந்தி அதற்குள் திண்ணைதோறும் உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்பி அனுப்ப அறிக்கை போதாது, தெரிந்த முகம் வேண்டும்.

அந்த முகம் உங்களிடம் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் பெண் தன்னார்வலரைப் பெரியவர்கள் நம்புகிறார்கள். யாருக்குச் சர்க்கரை, யார் படுத்த படுக்கை என்பது அவருக்கு அத்துப்படி. ஊசியைப் பற்றி அவர் பேசட்டும். நடக்க முடிந்தவர்களுக்குப் புதன்கிழமையே கிராம சுகாதார செவிலியர் போடட்டும். முடியாதவர்களுக்கு அத்திட்டத்தின் செவிலியர்கள் வீட்டிலேயே போடட்டும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணை குழந்தைகளுக்காகவும் கர்ப்பிணிகளுக்காகவும் வகுக்கப்பட்டது. தில்லி அதை மாற்றட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். எல்லோருக்கும் இப்போதே நிதி இல்லையென்றால், அறுபது வயதைத் தாண்டிய சர்க்கரை, இதய, நுரையீரல் நோயாளிகளிலிருந்து தொடங்குங்கள்.

ஃப்ளூ ஊசி பலன் தர இரண்டு வாரம் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே முதல் ஊசி போட ஆணையிடுங்கள்.