ஒரே ஊரில் ஒரு மாத இடைவெளியில் விதைத்தால் படைப்புழுவுக்குத்தான் லாபம்

புரட்டாசி பிறந்துவிட்டது. அருப்புக்கோட்டை, காரியாபட்டி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் கரிசலை உழுதுபோட்டு மழைக்குக் காத்திருக்கிறீர்கள். முதல் மழைக்கே ஒருவர் மக்காச்சோளம் ஊன்றிவிடுவார். பக்கத்துக்காரர் ஐப்பசி வரை பொறுப்பார். முன்பு இதில் தவறில்லை. 2018-க்குப் பிறகு நிலைமை வேறு.

அமெரிக்கக் கண்டத்துப் பூச்சியான படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் பார்த்தார்கள். அதே ஆண்டு நம் வயலுக்கும் வந்துவிட்டது. இதன் தாய் அந்துப்பூச்சி காற்றோடு ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கும். கடும் குளிரை மட்டும் தாங்காது. வட அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆண்டுதோறும் வடக்கே போகிறது. நம்மூரில் அந்தத் தடையும் இல்லை.

முட்டை 2, 3 நாளில் பொரிக்கும். குஞ்சுப்புழு இலையைச் சுரண்டும். நூல் விட்டுத் தொங்கி, காற்றில் அடுத்த செடிக்குப் போகும். பிறகு குருத்துக்குள் இறங்கிவிடும். தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி இருந்தால் அதுதான். இரண்டு, மூன்று வாரம் தின்று மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வரும். நம் வெயிலுக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 30 நாள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் செடி 10 நாள் பயிராக இருக்கும்போது முட்டை விழுந்தால், 40-ம் நாள் அந்துப்பூச்சி கிளம்பும். பக்கத்துக்காரர் ஒரு மாதம் தள்ளி விதைத்திருந்தால் அவர் பயிருக்கு அன்று 10 நாள். உங்கள் பூச்சிக்கு இளங்குருத்து தயார்! அங்கே பெருகியது உங்கள் கதிருக்குத் திரும்பும். தனி ஒருவர் எத்தனை முறை மருந்தடித்தாலும் இந்தச் சுற்று நிற்காது. எனவே கண்மாய்ப் பாசனமோ மானாவாரியோ, ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு வாரம், பத்து நாளுக்குள் விதைத்து முடியுங்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடலாம். வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி நல்லது.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பயிரின் முதல் 20 நாள்தான் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய அந்த நாட்களில் ஆட்கள் பட்டாசு ஆலைக்குப் போய்விடுகிறார்கள். களையெடுக்கவே ஆள் இல்லாதபோது குருத்தை யார் பார்ப்பது? நீங்களே வாரம் இருமுறை இறங்குங்கள். ஐந்து இடத்தில், இடத்துக்கு 20 செடி பாருங்கள். 100-க்கு 5 செடியில் சுரண்டல் இருந்தால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். பத்தைத் தாண்டினால் லிட்டருக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 0.4 கிராம், அல்லது ஸ்பைனெட்டோரம் 11.7 எஸ்சி 0.5 மில்லி. காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். ஒரே மருந்தை மறுபடி அடிக்காதீர்கள்.

ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஆண் பூச்சிதான் விழும். அதை வைத்தே புழு ஒழியும் என்று நம்ப வேண்டாம், வருகையைச் சொல்லும் மணி அது. சந்தேகம் இருந்தால் புழுவோடு கோவிலாங்குளம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். கதிர் முற்றிய பிறகு மருந்து வேண்டாம். செலவு வீண், தட்டையை மாடு தின்னும்.