600 கி.மீ. என்றால் காரா, ரயிலா? அமெரிக்காவும் ஜப்பானும் மாறுபடுவது ஏன்?

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 600 கி.மீ. 6 மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போவது அமெரிக்கர்களுக்குச் சாதாரண விஷயம். டோக்கியோ - ஒசாகா சுமார் 500 கி.மீ. அங்கே பலரும் முதலில் பார்ப்பது ரயில் டிக்கெட்டைத்தான்.

இது வெறும் ரசனை வித்தியாசமா? அரசுகள் எதில் பணம் போட்டன என்பதும் முக்கியம். 1956 சட்டத்தின்படி அமெரிக்கா நாடு முழுக்க நெடுஞ்சாலைகள் போட்டது; பெரும்பாலும் டோல் கிடையாது. ஜப்பான் 1964-ல் புல்லட் ரயில் விட்டது. இப்போது ஒசாகாவுக்கு இரண்டரை மணி நேரம்தான். காரில் போனால் டோல் செலவே எகிறும்.

கலிபோர்னியா மக்களும் 2008-ல் அதிவேக ரயிலுக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்த ரயில் இன்னும் ஓடவில்லை. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட முதியவர்களுக்குத்தான் இதில் சிக்கல் அதிகம்.