கேட்காமல் சொன்ன விலை



புதுவருட ஆராதனைக்குச் செய்த கேக்கில் இன்னும் இரண்டு துண்டு எங்கள் குளிர்பெட்டியில் கிடக்கிறது. வெளியே பனி வழித்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் இந்த மாதப் பக்கத்தில் ஓகஸ்ட் மாதத்தைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. தேசியப் பூங்காக்களில் கோடைக்கான தங்குமிடங்களுக்கு பார்க்ஸ் கனடா முன்பதிவு திறப்பது இந்தக் குளிர்காலத்தில்தான். ஜனவரி தொடங்கி மார்ச் வரை, பூங்காவுக்கு ஒரு நாளாக, காலை 8 மணிக்குத் திறப்பார்கள். பெயர்பெற்ற பூங்காக்களில் நீண்ட வார இறுதிகள் அன்றைக்கே போய்விடும். ஜூலை மாதம் "எங்கே போகலாம்" என்று கதைக்கத் தொடங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது விலை கூடிய வீடுகள்தான்.

எங்கள் வாலிபர் குழுவின் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய கோடை. டோபர்மோரிக்குப் பக்கத்தில் பத்துப் பேர் தங்கக்கூடிய ஒரு கொட்டேஜ் கிடைத்தது. படத்தின் கீழே ஒரு இரவுக்கு 420 டொலர் என்று போட்டிருந்தது. பத்தால் வகுத்தால் 42, இரண்டு இரவுக்கு 84, பரவாயில்லை என்று நினைத்தோம். கடைசிப் பக்கத்துக்குப் போனபோது துப்புரவுக் கட்டணம் 220, சேவைக் கட்டணம் 150, அதற்குமேல் 13 சதவீதம் எச்.எஸ்.ரி. வரி. ஒருவருக்கு 137 டொலர் ஆகிவிட்டது. பெட்ரோலையும் சாப்பாட்டையும் சேர்த்து 180 என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தோம். எங்களில் அனேகம் பேர் சம்பளம் எடுக்கிறவர்கள். 180 எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் எங்கள் குழுவில் இருந்தார்கள். மூத்தவன் "எனக்கு அந்தக் கிழமை வேலை இருக்கு" என்றான். தங்கச்சிமார் இருவரும் தங்களுக்குக் காட்டு இலையான் பயம் என்றார்கள். நாங்கள் நம்பினோம். நம்புவது எங்களுக்குச் சுகமாகவும் இருந்தது. திரும்பி வந்து குறோட்டோக் குகையின் நீலத் தண்ணீரைப் படமாகப் போட்டுக் காட்டியபோது அந்த மூவரும் பின்வரிசையில் இருந்து கை தட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அறுப்பின் பண்டிகை விருந்துக்குப் பிறகு சபைச் சமையலறையில் பானை கழுவிக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளைகளின் அம்மாவும் பக்கத்தில் நின்றா. அடுத்த முறையாவது பிள்ளைகளை விடச்சொல்லிக் கேட்டோம். அவ கோபப்படவில்லை. கையில் இருந்த தட்டைத் துடைத்தபடி, "நீங்கள் விலையைத்தானே பிள்ளையள் சொன்னீங்கள். ஏலுமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றா. மூன்று தரம் 180 எவ்வளவு என்று அவவின் முன்னால் நின்றபோதுதான் நாங்கள் கூட்டிப் பார்த்தோம். மூத்தவனுக்கு அந்தக் கிழமை வேலை எதுவும் இருக்கவில்லை. வீட்டில்தான் இருந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஒழுங்கை மாற்றினோம். இடத்தைப் பார்த்து விலை சொல்வதை விட்டுவிட்டு, விலையைக் கேட்டு இடம் தேடத் தொடங்கினோம். வாசலில் ஒரு பெட்டி. ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தால் உங்கள் வீட்டில் அந்த மாதம் இடறாது என்று பெயர் எழுதாமல் ஒரு தாளில் எழுதிப் போடச் சொன்னோம். அதிகம் வந்தது 60. மிகக் குறைந்தது 25. பொறுப்பாளர்களில் ஒருவர் சராசரி எடுக்கலாம் என்றார். எடுத்திருந்தால் அந்த 25 எழுதியவர் மறுபடியும் வீட்டில் இருந்திருப்பார். ஆகவே 25 டொலரை வைத்தே தேடினோம். கூடத் தரக்கூடியவர்கள் உறையில் போட்டார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியாது.

25 டொலருக்கு என்ன கிடைக்கும்? கொட்டேஜ் கிடைக்காது. புரூஸ் தீபகற்ப தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சைப்ரஸ் லேக் முகாமில் கூடாரம் அடிக்க ஒரு துண்டு நிலம் கிடைக்கும். அங்கே 232 இடங்கள் இருக்கின்றன. கட்டணம் தலைக்கு அல்ல, இடத்துக்கு. ஒரு இடத்தில் ஆறு பேர் வரை தங்கலாம். இரண்டு இடம் எடுத்தோம். பெண்பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் சபை விதிப்படி இரண்டு பெரியவர்கள். கூடாரங்களைச் சபையாரின் நிலக்கீழ் அறைகளில் இருந்து இரவல் வாங்கினோம். எத்தனை வீடுகளில் ஒருமுறை விரித்த கூடாரம் பெட்டியோடு கிடக்கிறது தெரியுமா? வான் கொண்டுவந்தவர்கள் பெட்ரோலுக்குக் காசு வாங்கவில்லை. 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு தேசியப் பூங்காவில் நுழைவு எப்போதும் இலவசம். அதோடு 2025 கோடையில் ஜூன் 20 முதல் செப்டெம்பர் 2 வரை எல்லாருக்கும் நுழைவை இலவசமாக்கி, முகாம் கட்டணத்திலும் 25 சதவீதம் குறைத்தார்கள். நாங்கள் போனது அந்த ஓகஸ்டில். இந்தக் கோடைக்கும் அப்படிச் சலுகை உண்டா என்று பதிவு செய்யுமுன் பாருங்கள்.

பூங்காவுக்குள்ளேயே தங்குவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. முதல் முறை அது எங்களுக்குத் தெரியாது. கோடையில் குறோட்டோவைப் பார்க்க வெளியில் இருந்து வருகிறவர்கள் வாகனம் நிறுத்த நான்கு மணி நேர இடம் ஒன்றை முன்கூட்டியே பதிய வேண்டும். அது கிடைக்காவிட்டால் ரொறன்ரோவில் இருந்து நாலு மணி நேரம் ஓடிப்போயும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சைப்ரஸ் லேக்கில் தங்குகிறவர்கள் அந்தப் பதிவு இல்லாமல் கூடாரத்தில் இருந்தே நடந்து போகலாம். மலிவு என்று வயர்ட்டனிலோ ஓவன் சவுண்டிலோ மோட்டல் எடுப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓவன் சவுண்டில் இருந்து டோபர்மோரி நூறு கிலோமீற்றருக்கு மேல். இரண்டு நாள் போய்வரும் பெட்ரோல், களைத்த ஓட்டுநர், ஆறாம் இலக்க நெடுஞ்சாலையில் இருட்டில் குறுக்கே வரும் மான் எல்லாம் அந்த மலிவு அறையின் விலையில் சேர்ந்தவைதான். இருந்தாலும் வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் மோட்டல்தான் சரி. மழைக்குள் கூடாரத்தில் முழங்கால் நோவோடு ஒரு அம்மம்மாவைப் படுக்க வைக்கக் கூடாது.

"தரையிலையோ படுக்கிறது?" என்று இரண்டு தாய்மார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சூனேம் ஊர்ப் பெண் எலிசாவுக்குக் கட்டிக்கொடுத்த மேல்வீட்டு அறையை வேதபாட வகுப்பில் படித்தது நினைவிருக்கும். அதில் அவள் வைத்தது கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. கட்டிலை அவளும் விடவில்லை என்று ஒரு தாய் எங்களுக்கே திருப்பிச் சொன்னா! அப்படிக் கட்டில் வேண்டும் என்பவர்களுக்குச் சைப்ரஸ் லேக்கில் யேர்ட் எனப்படும் வட்டக் கூடார வீடுகள் பத்து இருக்கின்றன. மற்றப் பூங்காக்களில் ஓ-டென்டிக் என்று ஒன்று உண்டு. மரத்தளமும் கட்டில்களும் உள்ள, பாதி அறை பாதி கூடாரம். ஆறு பேர் வரை படுக்கலாம். படுக்கை விரிப்பும் தலையணையும் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். லெமிங்டனுக்குப் பக்கத்தில் பொயின்ற் பீலி பூங்காவில் கேம்ப் ஹென்றி என்ற இடத்தில் 24 ஓ-டென்டிக் இருக்கின்றன. மே மாதம் பறவை பார்க்கிறவர்கள் அந்தப் பக்கமெல்லாம் நிரம்பி வழிவார்கள், அப்போது போகாதீர்கள். கிங்ஸ்டனுக்குக் கிழக்கே ஆயிரம் தீவுகள் பூங்காவின் மலோரிடவுன் லாண்டிங்கிலும் உண்டு. அங்கே கிடைக்காவிட்டால், கிங்ஸ்டனில் குயின்ஸ் பல்கலைக்கழகம் கோடையில் மாணவர் விடுதி அறைகளை வாடகைக்கு விடுவதையும் பாருங்கள். பலருக்கு அது தெரியாது.

ஒரு சின்னத் திருத்தம். அல்கொன்குவினை எல்லாரும் "நஷனல் பார்க்" என்றே சொல்கிறோம். அது மாகாணப் பூங்கா. அதற்குப் பதிவு ஒன்ராறியோ பார்க்ஸ் மூலம், வரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குத் திறக்கும். தேசியப் பூங்காச் சலுகை அங்கே செல்லாது. போன வருடம் ஒரு குடும்பம் அதை வாசலில் போய்த்தான் அறிந்தது.

இனி, மலிவாகத் தங்குகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று. தாதியராகிய எங்களுக்கு இதை எழுதாமல் விட மனம் வராது.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்தது. கோழி பாதி வெந்திருந்தது. பெடியன்கள் இருவர் கரி அடுப்பை அப்படியே தூக்கிக் கூடாரத்தின் முன்பகுதிக்குள் வைத்து, சிப்பையும் இழுத்துவிட்டார்கள். உள்ளே கணகணப்பாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மற்றக் கூடாரத்தில் இருந்து வர ஐந்து நிமிடம் கூட ஆகியிருக்காது. அடுப்பை மழைக்குள் இழுத்து, பிள்ளைகளை வெளியே எடுத்து, அன்று சத்தம் போட்டது போல நாங்கள் எந்த வாலிபரிடமும் போட்டதில்லை.

எரியும் கரி காபன் மொனொக்சைட் வாயுவை விடுகிறது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், தலைசுற்று, நித்திரைத் தூக்கம். பிள்ளைகள் களைத்துப் படுத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். கோழி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நினைக்கலாம். ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் தலையிடித்தால் எல்லாரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் 911 ஐ அழையுங்கள். சாம்பல் மூடிய கரி அணைந்த கரி அல்ல, குளிருக்கென்று அதை உள்ளே எடுக்கக் கூடாது. காஸ் அடுப்பும் அப்படித்தான். எந்தக் கொட்டேஜ், மோட்டல் எடுத்தாலும் உள்ளே போனவுடன் காபன் மொனொக்சைட் அலாரம் எங்கே என்று பாருங்கள். பற்றரியில் ஓடும் ஒன்றை நாங்கள் இப்போது பையிலேயே கொண்டுபோகிறோம். டோபர்மோரிப் பக்கத்தில் மருத்துவமனைகள் லயன்ஸ் ஹெட்டிலும் வயர்ட்டனிலும் ஓவன் சவுண்டிலும் இருக்கின்றன. எதன் அவசரப் பிரிவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதி வெந்த கோழியைக் குப்பையில் போட்டுவிட்டு அன்றிரவு வானுக்குள் இருந்து பாணும் கட்லட்டும் சாப்பிட்டோம். கரடிக்குப் பயந்து சாப்பாட்டையெல்லாம் வாகனத்துக்குள்தான் பூட்டி வைத்திருந்தோம். கட்லட் அந்தத் தாய் கொடுத்துவிட்டது. ஆளுக்கு ஐந்து என்று கணக்குப் பண்ணி அறுபது. மூத்தவன் பெட்டியை மடியில் வைத்து எண்ணி எண்ணிக் கொடுத்தான். மழை விட்டபின் பிள்ளைகள் ஏரிக்கரைக்கு நடந்தார்கள். ஸ்காபரோவில் நாங்கள் காணாத அளவு நட்சத்திரம். கடைசித் தங்கச்சி, தனக்கு இலையான் பயமே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னாள்.

இந்த வருடத்துக்கான பெட்டி ஞாயிறு முதல் வாசலில், காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். இரவு தங்க விட முடியாத பெற்றோர் "பகல்" என்று எழுதுங்கள். அவர்களுக்காக ஒரு சனிக்கிழமை ரூஜ் தேசிய நகர்ப் பூங்காவுக்குப் போகிறோம். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, மிருகக்காட்சிசாலை வரை ரி.ரி.சி. பஸ்ஸும் போகும். தாள்களை மாதக் கடைசி ஞாயிறு எடுப்போம். பதிவு திறக்கும் காலையில் 8 மணிக்கு விழித்திருக்கக்கூடிய நான்கு பேரும் தேவை. இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்கு முதலிடம்.