வியட்நாம் வயல்வெளிகள் கற்பிக்கும் பாடம்

கொல்கத்தா வீதிகளில் ‘அமார் நாம், தோமார் நாம், வியட்நாம்’ என்று எழுந்த முழக்கம் இந்திய இடதுசாரி இயக்கத்தின் நினைவில் அழியாத ஒன்று. அமெரிக்கத் துணைத் தூதரகம் அமைந்திருக்கும் தெருவுக்கே அந்நகரில் ஹோ சி மின் பெயர் சூட்டப்பட்டது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விடுதலை பெற்றபோது உலகெங்கும் உழைக்கும் மக்கள் அதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினர். ஆனால், ஏகாதிபத்தியத்தைப் போரில் வென்ற வியட்நாம் இங்கு அறியப்பட்ட அளவுக்கு, அதன் பிறகு தன் சமூகத்தைக் கட்டியெழுப்பிய வியட்நாம் அறியப்படவில்லை. இந்த இடைவெளியில் முதலாளித்துவ ஊடகங்கள் தம் கதையைப் புகுத்துகின்றன. 1986இல் ‘டோய் மோய்’ எனப்படும் புதுப்பித்தல் கொள்கை வந்தது, சந்தை திறந்தது, வறுமை ஒழிந்தது, சோசலிசம் தோற்றது என்பதே அக்கதை. வியட்நாம் சமூகத்தின் மீது நடத்தப்பட்டுள்ள ஆய்வுகள் இக்கதையை ஏற்கவில்லை.

வறுமை பெருமளவில் குறைந்தது உண்மையே. 1993இல் மக்கள் தொகையில் 58 சதவீதமாக இருந்த வறுமை 2008இல் 14.5 சதவீதமாகச் சரிந்தது. கேள்வி, அது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதே. உலக வங்கியின் ஆய்வாளர்களான மார்ட்டின் ரவாலியனும் டொமினிக் வான் டி வாலேயும், கூட்டுறவு நிலங்கள் குடும்பங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்ட விதத்தை ஆராய்ந்தனர். சந்தையின் வழியே பங்கிட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடச் சமத்துவமாகவே அப்பங்கீடு நடந்தது என்பது அவர்களின் முடிவு. நிலப்பிரபுத்துவம் முன்பே ஒழிக்கப்பட்டிருந்தது. நிலம் முழு மக்களின் உடைமை என்ற நிலை தொடர்ந்தது. பயன்பாட்டு உரிமையே குடும்பங்களுக்குச் சென்றது. வளர்ச்சி வந்தபோது அதில் ஏழை விவசாயிக்கும் பங்கு கிடைத்ததற்கு இந்த அடித்தளமே முக்கியக் காரணம். நிலச்சீர்திருத்தம் செய்யாமல் சந்தையை மட்டும் திறந்துவிட்ட நாடுகள் இந்தப் பலனைக் காணவில்லை.

எனினும் இந்த வரலாறு நேர்கோட்டில் நகரவில்லை. அதன் ஏற்ற இறக்கங்களை ட்ருவோங் சின் என்ற ஒரு தலைவரின் வாழ்வைக் கொண்டே காணலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1937-38இல், அவரும் வோ நிகுயென் கியாப்பும் புனைபெயர்களில் ‘விவசாயிகள் பிரச்சனை’ என்ற நூலை எழுதினர். குத்தகை, கடன், வரி, கிராமத்தின் அதிகார அமைப்பு என உழவரின் வாழ்நிலையை விரிவாக ஆராய்ந்த நூல் அது. பின்னர் நிலச்சீர்திருத்தத்தில் நேர்ந்த கடுமையான தவறுகளைக் கட்சி வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1956இல் ட்ருவோங் சின் கட்சியின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

1966இல் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் நோக், கூட்டுறவுகளில் வேலையைக் குடும்பங்களுக்கு ஒப்பந்தமாகப் பிரித்தளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். கூட்டு நிலத்தில் விளைச்சல் தேங்கிக் கிடந்ததையும், சொந்தப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட சிறு துண்டு நிலங்கள் செழித்ததையும் அவர் நேரில் கண்டிருந்தார். 1968இல் அவரை இது கூட்டு விவசாயக் கோட்பாட்டுக்கு எதிரானது எனக் கண்டித்தவர் அதே ட்ருவோங் சின்தான். கிம் நோக் சுயவிமர்சனம் செய்துகொண்டார். 1979இல் அவர் மறைந்தார்.

ஆனால் வயல்வெளி தன் போக்கில் சென்றது. பெனடிக்ட் கெர்க்ஃப்லீட் என்ற ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட நூல் அதை விவரிக்கிறது. விவசாயிகள் கலகம் செய்யவில்லை, துண்டறிக்கை வெளியிடவில்லை. கூட்டு வயலில் அரைமனதாகவும் சொந்தத் துண்டில் முழு முயற்சியோடும் உழைத்தனர். பல இடங்களில் உள்ளூர்ப் பொறுப்பாளர்களே மேலிடத்துக்குத் தெரியாமல் குடும்பங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இந்த அன்றாட நடைமுறைகளே இறுதியில் தேசியக் கொள்கையை மாற்றின என்பது அவரது முடிவு. 1981 ஜனவரியில் 100ஆம் எண் உத்தரவு ஒப்பந்த முறையை நாடு முழுவதற்கும் ஏற்றது. 1988இல் 10ஆம் எண் தீர்மானம் குடும்பத்தையே உற்பத்தி அலகாக அங்கீகரித்தது. அரிசியை இறக்குமதி செய்துவந்த நாடு, 1989இல் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் ஏற்றுமதி செய்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ட்ருவோங் சின் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்து, ஆலைகளுக்கும் வயல்களுக்கும் நேரில் சென்றார். கண்டவை அவரது கருத்தை மாற்றின. 1986இல் லே துவான் மறைந்தபின் சில மாதங்கள் மீண்டும் பொதுச் செயலாளராக இருந்து, உண்மையை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திய ஆறாவது காங்கிரசுக்குக் கட்சியைத் தயார்ப்படுத்தியவர் அவரே. கிம் நோக்குக்கும் மறைவுக்குப் பின் அரசின் உயர் விருதுகள் வழங்கப்பட்டன. ஆனால் வின் ஃபுக் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் ஆண்டுகளின் விலையை, போரின் சுமையோடு சேர்த்து, உழவர் குடும்பங்களே செலுத்தின.

புதுப்பித்தல் புதிய முரண்பாடுகளையும் கொண்டுவந்தது. 1997இல் செங்கொடியின் கோட்டையான தாய் பின் மாகாணத்திலேயே, கட்டாய வசூல்களுக்கும் ஊழலுக்கும் எதிராக விவசாயிகள் திரண்டனர். இதைச் சதி என்று ஒதுக்கிவிடாமல் சமூகவியல் ஆய்வாளர்கள் கிராமங்களுக்குச் சென்று காரணங்களை ஆராய்ந்தனர். மறு ஆண்டே அடிமட்ட ஜனநாயகம் குறித்த உத்தரவு வந்தது. உள்ளூர்க் கணக்குகளை அறியவும், விவாதிக்கவும், சரிபார்க்கவும் மக்களுக்கு உரிமை தரப்பட்டது. 2005-06இல் அந்நிய நிறுவனங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, அந்நிறுவனங்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2015இல் சமூகக் காப்பீட்டுச் சட்டப் பிரிவு ஒன்றை எதிர்த்து ஹோ சி மின் நகரத் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். சில மாதங்களில் தேசிய சட்டமன்றம் அப்பிரிவைத் தளர்த்தியது.

இன்றும் குறைகள் உண்டு. மக்கள் தொகையில் 15 சதவீதத்துக்கும் குறைவான சிறுபான்மை இனத்தவரே எஞ்சியுள்ள ஏழைகளில் பெரும்பகுதி. மெக்காங் கழிமுகத்தில் நிலமற்றோர் பெருகினர். கணக்கெடுப்புகளே எல்லோரையும் எண்ணவில்லை என்பதை ஜோனதன் பின்கஸ், ஜான் செண்டர் இருவரும் 2008இல் சுட்டிக்காட்டினர். குடும்பப் பதிவேட்டின் அடிப்படையில் மாதிரி எடுக்கப்பட்டதால், பதிவின்றி நகரங்களில் தங்கி வேலை செய்த புலம்பெயர் தொழிலாளர்கள் வறுமைக் கணக்கில் விடுபட்டுப் போயினர். யாரை எண்ணுவது என்பதும் அரசியலே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவில் இது தொலைதூர விவகாரமாகத் தோன்றாது. 2021இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்ட நாடு இது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தனர் என்ற தகவல் இல்லை என, 2020 செப்டம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே கூறியது. எண்ணாதவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதே ஆளும் வர்க்கத்தின் வசதி.

திட்டவட்டமான நிலைமைகளைத் திட்டவட்டமாக ஆய்வு செய்வதே மார்க்சியத்தின் உயிர் என லெனின் வலியுறுத்தினார். வியட்நாம் அனுபவம் அதற்கு உரை எழுதுகிறது. ஆய்வு என்பது பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விடப்பட்ட பணியன்று. ஒரு கிளையின் எல்லைக்குள் எத்தனை பேர் நிலமிழந்துள்ளனர், யாருக்கு ரேஷன் அட்டை இல்லை, எத்தனை வெளிமாநிலத் தொழிலாளர்கள் பதிவின்றி உழைக்கின்றனர் என்பதை அக்கிளை அறிந்திருக்க வேண்டும். அறிந்தவை முன்பே எடுத்த முடிவுக்கு ஒத்துவராதபோதும் அவற்றை மேற்குழுவுக்குச் சொல்லும் துணிவும், கேட்கும் பொறுமையும் வேண்டும். வியட்நாம் கட்சி பிழை செய்யாத கட்சி அன்று. மக்களின் வாழ்விலிருந்து பிழையை அறிந்து, தாமதமாகவேனும் திருத்திக்கொண்ட கட்சி. சொன்னவரைக் கண்டிக்காமல் முதலிலேயே செவிமடுத்தால் அந்தத் தாமதமும் நேராது.